"எங்கள் கைகளின் கிரியை": மஅஸே என்னும் எபிரேயச் சொல்லின் பொருள்

உங்கள் கேள்வியைப் பிறரும் படிக்கக்கூடும் என்பதால், அதை முதலில் சுருக்கமாக எடுத்துச் சொல்லிவிடுகிறேன். தையல் கடை திறந்த நாளில் சங்கீதம் 90-இன் கடைசி வசனத்தைப் படித்து ஜெபித்தீர்கள்: "எங்கள் கைகளின் கிரியையை எங்களிடத்தில் உறுதிப்படுத்தியருளும்." வந்திருந்த உறவினர் ஒருவர், கிரியை என்பது ஊழியத்தையும் நற்செயலையும் குறிக்கும் சொல், பிழைப்புக்காக வெட்டுவதையும் தைப்பதையும் அது குறிக்காது என்றார். எபிரேய மூலத்தில் அங்கே என்ன சொல் இருக்கிறது, அதன் பொருள் வேலையா, நற்செயலா, சடங்கா என்பது உங்கள் முதல் கேள்வி. அதே சொல்லைத் தமிழ் வேதாகமம் ஏன் இடத்துக்கு இடம் வேறு வேறாக மொழிபெயர்க்கிறது என்பது இரண்டாவது. யூதர்கள் கதைக்குச் சொல்லும் 'மைஸே' என்பது இதே சொல்தானா என்பது மூன்றாவது.

அங்கே இருக்கும் சொல் 'மஅஸே'. பன்மையில் அது 'மஅஸீம்' ஆகும். உங்கள் தையல் வேலை அதில் அடங்கும். உங்கள் உறவினர் சொன்ன நற்செயலும் அடங்கும். ஆனால் இரண்டும் அடங்கும் என்று சொல்லி நிறுத்திவிட்டால் அந்தச் சொல்லின் உயிர் நமக்குப் பிடிபடாது. ஒருவர் செய்கிற செயலையும், அந்தச் செயலால் உருவாகி அவருடைய கையை விட்டு வெளியே வந்து நிற்கிற பொருளையும் எபிரேயம் ஒரே பெயரால் அழைக்கிறது. அன்பாகச் செய்த உதவியும் அளவெடுத்துத் தைத்த சட்டையும் அந்த மொழியில் ஒரே வகையைச் சேர்ந்தவை. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால், வசனங்கள் பலவும் தாமாகவே திறந்துகொள்ளும்.

சொல்லின் அமைப்பு எளிமையானது. 'அஸா' என்பது வினை. 'செய்தான்' என்று பொருள். அதன் முன்னே 'ம' என்ற ஒட்டு சேர்ந்து பெயர்ச்சொல் ஆகும்போது 'மஅஸே' பிறக்கிறது. நடுவில் நான் 'அ' என்று எழுதுவது உண்மையில் உயிரெழுத்து மட்டும் அன்று. தொண்டையின் அடியிலிருந்து எழும் 'அயின்' என்ற மெய்யொலி அங்கே இருக்கிறது. தமிழில் அதற்கு எழுத்து இல்லாததால்தான் 'மாசே' என்று இழுத்து எழுதாமல் பிரித்து எழுதுகிறேன். எரேமியாவின் புத்தகத்தில் வரும் மாசெயா என்ற பெயரில் இந்தச் சொல்தான் இருக்கிறது. 'கர்த்தருடைய செய்கை' என்று அதற்குப் பொருள். யோவாபின் தம்பியாகிய ஆசகேலின் பெயரில் இருப்பது இதே வினை. 'தேவன் செய்தார்' என்பது அதன் பொருள். எபிரேய வேதாகமத்தில் அஸா என்ற வினை 2,600 முறைக்கு மேலும், மஅஸே என்ற பெயர்ச்சொல் ஏறத்தாழ 235 முறையும் வருகின்றன.

இந்தச் சொல்லைப் புரிந்துகொள்வதில் தமிழருக்கு ஒரு வசதி உண்டு. ஆங்கிலேயர் ஒரு பொருளை உருவாக்குவதற்கு ஒரு வினையும், ஒரு செயலை ஆற்றுவதற்கு வேறொரு வினையும் வைத்திருக்கிறார்கள். நாமோ பானையும் செய்கிறோம், உதவியும் செய்கிறோம், தவறும் செய்கிறோம். உழுது பண்படுத்திய நிலத்துக்கும் நம் முன்னோர் 'செய்' என்றே பெயரிட்டார்கள். நன்செய், புன்செய் என்ற சொற்களில் அது இன்றும் வாழ்கிறது. பாட்டுக்குச் 'செய்யுள்' என்ற பெயர் வந்ததும் இவ்வழியே. எபிரேயத்துக்கும் தமிழுக்கும் வேர்ச்சொல் உறவு இருக்கிறது என்று நான் சொல்லவரவில்லை. இந்த இடத்தில் இரு மொழிகளும் ஒரே மாதிரி நினைக்கின்றன என்பதை மட்டும் சொல்கிறேன். ஆகவே, ஆங்கில விளக்கவுரைகளில் பக்கம் பக்கமாக எழுதிப் புரியவைக்கப் பார்க்கும் ஒரு கருத்து, 'செய்' என்ற ஒரு சொல்லைத் தெரிந்த தமிழ்க் குழந்தைக்கு ஏற்கெனவே தெரியும்.

நீங்கள் தையற்காரர் என்பதால் ஆதியாகமம் 3-ஆம் அதிகாரத்திலிருந்தே தொடங்குகிறேன். முதல் இரண்டு அதிகாரங்களில் அஸா என்ற வினையின் எழுவாய் பெரும்பாலும் தேவன். ஆகாயவிரிவையும் சுடர்களையும் மிருகங்களையும் அவர் செய்கிறார். மரங்கள் கனி கொடுப்பதற்கும் அங்கே இதே வினைதான். எபிரேயத்தில் மரம் கனியைச் 'செய்கிறது'. மனிதர் எழுவாயாக வந்து இந்த வினை முதன்முதலில் பயன்படுவது 3:7-இல். அத்தியிலைகளைத் தைத்து, தங்களுக்கு அரைக்கச்சைகளை உண்டுபண்ணினார்கள் என்று நாம் படிக்கிற இடத்தில், 'உண்டுபண்ணினார்கள்' என்பதற்கு மூலத்தில் இருப்பது அஸா. வேதாகமத்தின்படி மனிதக் கை செய்த முதல் பொருள் ஒரு தையல் வேலை. ஆறு வசனம் தள்ளி, 3:13-இல், தேவனாகிய கர்த்தர் ஸ்திரீயை நோக்கிக் கேட்கும் கேள்வியிலும் அதே வினை வருகிறது: "நீ இப்படிச் செய்தது என்ன?" இங்கே அது குற்றத்தைச் சுட்டுகிறது. பிறகு 3:21-இல் தேவன் தாமே தோல் உடைகளைச் செய்து அவர்களுக்கு உடுத்துகிறார், மீண்டும் அஸா. கச்சை செய்தார்கள், குற்றம் செய்தார்கள், உடை செய்து கொடுத்தார்: மூன்றும் ஒரே வினை. தமிழ் மொழிபெயர்ப்பு ஓரிடத்தில் 'உண்டுபண்ணி' என்றும், ஓரிடத்தில் 'செய்தது' என்றும், மற்றோரிடத்தில் 'உண்டாக்கி' என்றும் மாற்றிச் சொல்லிவிட்டதால், இந்த இழை நம் கண்ணில் படாமலே போய்விடுகிறது. அந்த மொழிபெயர்ப்பைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. ஒவ்வோர் இடத்திலும் தமிழ் ஓசைக்கு இயல்பானது எதுவோ அதையே அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். ஆயினும் இழப்பு இழப்புதான்.

பெயர்ச்சொல்லாகிய மஅஸே எத்தனை இடங்களுக்குப் போகிறது என்று பாருங்கள். பார்வோன் யோசேப்பின் சகோதரரை நோக்கி "உங்கள் தொழில் என்ன" என்று கேட்கிறான் அல்லவா, அந்தத் 'தொழில்' மஅஸே. நாங்கள் மந்தை மேய்க்கிறவர்கள் என்று அவர்கள் பதில் சொல்கிறார்கள். சிறையில் இருந்த அப்பக்காரர் தலைவன் கனவில் கண்ட மேற்கூடையில் இருந்த பலகாரங்களை எபிரேயம் 'அப்பக்காரனின் மஅஸே' என்கிறது. பறவைகள் கொத்தித் தின்றது அந்த மஅஸேயைத்தான். சாலொமோனின் ஆலயத்து வெண்கல உருளைகளின் அமைப்பு, இரதச் சக்கரத்தின் அமைப்பைப் போல இருந்தது என்று 1 இராஜாக்கள் 7:33 சொல்லும்போது, அமைப்பு என்பதற்கு அங்கே மஅஸே. நாம் 'வேலைப்பாடு' என்று சொல்வது அதற்கு மிக நெருக்கமாக வரும். ஆசரிப்புக் கூடாரத்தின் திரைகளைப் பற்றிப் பேசும் அதிகாரங்களில் 'நெய்பவனின் மஅஸே', 'பூத்தையல்காரனின் மஅஸே', 'பரிமளத் தைலக்காரனின் மஅஸே' என்று கைத்தொழில்களின் பெயரோடு சேர்ந்து திரும்பத் திரும்ப வருகிறது. யாத்திராகமம் 23:16-இல் வயலில் விதைத்து விளைந்த பயிரே மஅஸே. ஆபகூக் 3:17-இல் "ஒலிவமரத்தின் பலன் அற்றுப்போனாலும்" என்று படிக்கிறோமே, அந்தப் 'பலன்' மூலத்தில் ஒலிவமரத்தின் மஅஸே. தொடர்ந்து வரும் "வயல்கள் தானியத்தை விளைவியாமற்போனாலும்" என்பதும் எபிரேயத்தில் 'வயல்கள் உணவைச் செய்யாமற்போனாலும்' என்றே இருக்கிறது. "நீதியின் கிரியை சமாதானம்" என்ற ஏசாயா 32:17-ஐயும் இந்த வெளிச்சத்தில்தான் படிக்க வேண்டும். ஒலிவமரத்தில் காய் பிடிப்பதுபோல நீதியில் சமாதானம் காய்க்கிறது என்பது அதன் கருத்து.

இதே சொல் ஒழுக்கத்தின் பக்கமும் அதே எளிமையோடு போகிறது. அபிமெலேக்கு ஆபிரகாமிடம் "செய்யத்தகாத காரியங்களை என்னிடத்தில் செய்தாயே" என்று முறையிடும்போது, அந்த ஒரே வாக்கியத்தில் இந்த வேர் மூன்று முறை ஒலிக்கிறது: செய்யப்படத் தகாத செய்கைகளைச் செய்தாய் என்பது சொல்லுக்குச் சொல் பொருள். எகிப்து தேசத்தாருடைய செய்கையின்படி நடக்காதீர்கள் என்று லேவியராகமம் 18:3 சொல்லும்போது, ஒரு நாட்டாரின் வழக்கமே மஅஸே ஆகிறது. ஒவ்வொரு கிரியையையும் தேவன் நியாயத்திலே கொண்டுவருவார் என்று பிரசங்கி முடிக்கும் இடத்திலும் அதே சொல். அந்தப் பிரசங்கிதான் 2-ஆம் அதிகாரத்தில் வீடுகளைக் கட்டினேன், திராட்சத்தோட்டங்களை நாட்டினேன் என்று தன் மஅஸீமை அடுக்குகிறார் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். கட்டிய வீடும் நட்ட தோட்டமும் நியாயத்தீர்ப்புக்கு வரும் செயலும் அவருக்கு ஒரே சொல்.

உங்கள் உறவினருக்குக் காட்ட ஒரே ஒரு பகுதி வேண்டும் என்றால், நீதிமொழிகள் 31-ஐக் காட்டுங்கள். குணசாலியான ஸ்திரீயைப் பற்றிய அந்தப் பாட்டில் அஸா என்ற வேர் ஓடும் பாதையைப் பின்தொடருங்கள். 13-ஆம் வசனத்தில் ஆட்டுமயிரையும் சணலையும் தேடி, தன் கைகளினால் உற்சாகத்தோடே 'செய்கிறாள்'. 22-இல் தனக்குக் கம்பளங்களைச் 'செய்கிறாள்'. 24-இல் மெல்லிய புடவைகளைச் 'செய்து' விற்கிறாள், கச்சைகளை வர்த்தகரிடத்தில் ஒப்புவிக்கிறாள். 29-இல் அநேகம் பெண்கள் திறம்படச் 'செய்தார்கள்', நீ அவர்கள் எல்லாரையும் விஞ்சினாய் என்று கணவன் புகழ்கிறான்; தமிழில் இது 'குணசாலிகளாயிருந்ததுண்டு' என்று ஆகிவிட்டது. கடைசி வசனத்தில், "அவளுடைய செய்கைகள் வாசல்களில் அவளைப் புகழக்கடவது." செய்கைகள் என்ற அந்த இடத்தில் மஅஸீம் நிற்கிறது.

வாசல் என்பது பட்டணத்து வாசல். மூப்பர்கள் உட்கார்ந்து வழக்குத் தீர்ப்பதும், ஜனங்கள் கூடுவதும் அங்கேதான். 23-ஆம் வசனத்தில் அவள் புருஷன் அந்த வாசல்களில் மூப்பரோடு உட்கார்ந்திருக்கிறான். அவள் செய்த துணி ஊரார் கண்ணில் படுகிறது. வியாபாரி வாங்கிப்போன கச்சை யாரோ ஒருவர் இடுப்பில் இருக்கிறது. அவளுடைய மஅஸீம் அவளைப் புகழட்டும் என்று பாட்டு சொல்லும்போது, அவளுடைய நற்குணத்தையும் தர்மத்தையும் மட்டும் சொல்கிறதா, அந்தத் துணிகளையும் சொல்கிறதா? இரண்டையும் பிரிக்க எபிரேயம் இடங்கொடுக்கவில்லை. 20-ஆம் வசனத்தில் சிறுமையானவர்களுக்குத் தன் கையைத் திறக்கிற அவள், அதற்கு முந்தின வசனத்தில் அதே கைகளை இராட்டினத்தில் வைக்கிறாள். நூற்ற கையும் கொடுத்த கையும் ஒன்று. இரண்டின் விளைவுக்கும் பெயர் ஒன்று. பிழைப்புக்கான வேலை கிரியை ஆகாது என்ற வாதம் இந்தப் பாட்டுக்கு முன்னால் நிற்காது.

இருந்தாலும், மனித வேலைக்கு எபிரேயத்தில் மஅஸே ஒன்றுதான் சொல் என்று நினைத்துவிடக் கூடாது. 'மெலாகா' என்றொரு சொல் உண்டு. அனுப்புதல் என்ற கருத்துள்ள வேரிலிருந்து வருவது. தூதனைக் குறிக்கும் 'மல்ஆக்' என்ற சொல் இதன் உடன்பிறப்பு. ஒருவர் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்ட பணி, திறமை தேவைப்படும் கைவினை என்பது இதன் சாயல். ஓய்வுநாளில் யாதொரு வேலையும் செய்யவேண்டாம் என்ற கட்டளையில் இருப்பது இதுதான். அந்த 'வேலை' எது எது என்று யூதரின் பழைய சட்டத் தொகுப்பாகிய மிஷ்னாவின் சபாத் (ஓய்வுநாள்) பகுதி 7:2-இல் 'நாற்பதில் ஒன்று குறைய', அதாவது 39 வேலைகளாக ரபீக்கள், அதாவது யூத வேத ஆசிரியர்கள், பட்டியலிட்டார்கள். விதைத்தல், உழுதல், அறுத்தல் என்று போகும் அந்தப் பட்டியலில் 'இரண்டு தையல் போடுதல்' என்பதும், 'இரண்டு தையல் போடுவதற்காகக் கிழித்தல்' என்பதும் தனித்தனியே இருக்கின்றன. தையலை அவர்கள் எவ்வளவு கூர்மையாக எண்ணிப் பார்த்திருக்கிறார்கள் என்பதற்கு இது சாட்சி.

'அவோதா' என்பது இன்னொன்று. 'எவெத்' என்றால் அடிமை அல்லது பணியாள். அவன் எஜமானுக்குச் செய்வது அவோதா. யாத்திராகமம் 1:14-இல் சாந்தும் செங்கலுமாக எகிப்தியர் இஸ்ரவேலரைப் பிழிந்து வாங்கிய வேலை அவோதா. அதே புத்தகம் 12:26-இல், இந்த ஆராதனையின் கருத்து என்ன என்று பிள்ளைகள் பஸ்காவைக் குறித்துக் கேட்கும்போது, ஆராதனை என்பதும் அவோதா. தமிழில் இதற்கு இணையான வரலாறு உள்ள சொல் 'ஊழியம்'. திருவிதாங்கூரில் ஒரு காலத்தில் ஊழியம் என்றால் தாழ்த்தப்பட்ட சாதியாரிடம் கூலி கொடுக்காமல் வாங்கிய கட்டாய வேலை. இன்று அது சபையில் செய்யும் திருப்பணிக்குப் பெயர். அவோதா வேலையையும் ஆராதனையையும் குறிக்கிறது, ஆகவே வேலையே ஆராதனை என்று சிலர் பிரசங்கிப்பதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அந்தக் கருத்து உயர்ந்ததாக இருக்கலாம். ஆனால் சொல் அதை நிரூபிக்கவில்லை. அவோதா சொல்வது, ஒருவன் ஒரு எஜமானுக்குக் கீழ்ப்பட்டு உழைக்கிறான் என்பதை மட்டுமே. பார்வோனுக்கும் அவோதா உண்டு, கர்த்தருக்கும் அவோதா உண்டு. யாருக்கு என்பதே யாத்திராகமத்தின் கேள்வி.

'அமால்' என்பது பாடுபடுதலின் வலியைச் சொல்லும் சொல். பிரசங்கி அதை விடாமல் பயன்படுத்துகிறார். 'போஅல்' என்பது பெரும்பாலும் செய்யுளில் வருவது; மஅஸேக்கு மிக நெருங்கியது. மனுஷன் சாயங்காலமட்டும் தன் வேலைக்குப் போகிறான் என்ற சங்கீதம் 104:23-இல் போஅலும் அவோதாவும் அடுத்தடுத்து நிற்கின்றன.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு உங்கள் வசனத்துக்கு வருவோம். சங்கீதம் 90 மோசேயின் ஜெபம் என்ற தலைப்போடு இருப்பது. மனிதர் காலையில் முளைத்து மாலையில் அறுப்புண்டு உலரும் புல் என்று அது சொல்கிறது. ஆயுசுநாட்கள் எழுபது வருஷம், மிஞ்சினால் எண்பது, அதன் மேன்மையும் "வருத்தமும் சஞ்சலமுமே" என்கிறது. அந்த 'வருத்தம்' மூலத்தில் அமால், வலியோடு கூடிய உழைப்பு. 16-ஆம் வசனம், "உமது கிரியை உமது ஊழியக்காரருக்கு" விளங்குவதாக என்று கேட்கிறது. அந்தக் 'கிரியை' போஅல். 17-ஆம் வசனம் எங்கள் கைகளின் கிரியையை உறுதிப்படுத்தும் என்று இரண்டு முறை கேட்கிறது. அந்தக் 'கிரியை' மஅஸே. மற்ற இடங்களில் ஒரே எபிரேயச் சொல்லைப் பலவாகப் பிரித்த தமிழ் மொழிபெயர்ப்பு, இங்கே இரு வேறு எபிரேயச் சொற்களை ஒன்றாகச் சேர்த்துவிட்டது. தேவனுடைய வேலையும் மனிதருடைய வேலையும் ஒன்றையொன்று பார்த்து நிற்பதை இது ஓரளவு அழகாகவே காட்டுகிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

'உறுதிப்படுத்தும்' என்ற வினையையும் கவனியுங்கள். அசையாமல் நிற்கச் செய்தல், அடித்தளம் போட்டு நிறுத்துதல் என்பது அதன் பொருள். சிங்காசனத்தையும் நகரத்தையும் நிலைநிறுத்துவதற்கு இந்த வினை வரும். செய்பவன் புல்லைப்போல் உலர்ந்துபோவான். அவன் கை செய்தது நிற்கட்டும் என்பதே விண்ணப்பம். அமால் எங்களோடு முடியட்டும், மஅஸே எங்களுக்குப் பின்னும் இருக்கட்டும் என்று சங்கீதக்காரன் கேட்பதாகவே நான் இதைப் படிக்கிறேன். அதற்குள் நீங்கள் தைத்த உடை வராது என்று சொல்வதற்கு மூலத்தில் எந்த ஆதாரமும் இல்லை. எங்கள் 'கைகளின்' என்று சொல்லியிருக்கும்போது, கையால் செய்யும் வேலையை விலக்கிவிட்டுப் படிப்பது வலிந்து பொருள் கொள்வதாகும்.

கையின் மஅஸே என்ற இதே தொடருக்கு வேதாகமத்தில் இருண்ட ஒரு பக்கமும் உண்டு. "அவர்களுடைய விக்கிரகங்கள் வெள்ளியும் பொன்னும், மனுஷருடைய கைவேலையுமாயிருக்கிறது" என்று சங்கீதம் 115:4 சொல்கிறது. கைவேலை என்பதற்கு மூலத்தில் மனிதருடைய கைகளின் மஅஸே. சங்கீதம் 90-இல் நிலைநிறுத்தும்படி கேட்கப்பட்டதும், 115-இல் ஏளனத்துக்கு உள்ளாவதும் ஒரே தொடர். தமிழில் ஒன்று 'கிரியை', மற்றொன்று 'கைவேலை' என்று ஆனதால், நம் காதில் முன்னது பரிசுத்தமாகவும் பின்னது சாதாரணமாகவும் ஒலிக்கிறது. உங்கள் உறவினருக்கு அந்த எண்ணம் வந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அதே தொடர் மூன்றாவது திசையிலும் திரும்புகிறது: நாங்கள் களிமண், நீர் எங்களை உருவாக்குகிறவர், நாங்கள் அனைவரும் உமது கரத்தின் கிரியை என்று ஏசாயா 64:8 சொல்லும்போது, மனிதரே தேவனுடைய கையின் மஅஸே.

கிரியை என்ற தமிழ்ச் சொல்லைப் பற்றியும் கொஞ்சம் பேசியாக வேண்டும், ஏனெனில் குழப்பத்தின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. 'செய்தல்' என்ற பொருளுள்ள வடமொழி வேரிலிருந்து வந்த சொல் அது. அந்த அளவில் மஅஸேக்குப் பொருத்தமானதே. ஆனால் தமிழில் அது தனியாக வரவில்லை. சைவத்தில் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற நான்கில் ஒன்றாகப் பூசைமுறையைக் குறித்தது; ஈழத்தில் இன்றும் ஒருவர் இறந்தால் இறுதிக் கிரியை என்று அறிவித்தல் வெளியிடுகிறார்கள். ஆகவே அந்தச் சொல்லைக் கேட்டவுடன் சடங்கின் மணம் வருவது இயல்பு. மஅஸேக்கு அந்த மணம் கிடையாது. சடங்கைக் குறிக்க எபிரேயம் வழக்கமாக நாடும் சொல் அவோதாதான்.

இரண்டாவது சாயல் பவுலின் நிருபங்களிலிருந்து வந்தது. மஅஸேயைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தவர்கள் பெரும்பாலும் 'எர்கோன்' என்றார்கள்; பவுல் "நியாயப்பிரமாணத்தின் கிரியைகள்" என்று எழுதும்போது பயன்படுத்துவது அதன் பன்மை. கிரியைகளினாலே அல்ல, விசுவாசத்தினாலே என்று சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்களுக்குக் கிரியை என்றாலே இரட்சிப்போடு தொடர்புடைய ஓர் இறையியல் சொல்லாகத் தோன்றுகிறது. இங்கே சாக்கடல் ஓரத்துக் குகைகளில் கிடைத்த பழைய யூத ஏடுகளாகிய சாக்கடல் சுருள்கள் நமக்கு ஒரு நல்ல உதவி செய்திருக்கின்றன. கும்ரானின் 4-ஆம் குகையில் ஆறு பிரதிகளின் துண்டுகளாகக் கிடைத்த ஒரு கடிதம் போன்ற எழுத்தை எலிஷா கிம்ரோனும் ஜான் ஸ்ட்ரக்னலும் 1994-இல் முழுமையாகப் பதிப்பித்தார்கள். அதன் முடிவுப் பகுதியில் 'மிக்ஸத் மஅஸே ஹதோரா' என்ற தொடர் வருகிறது: 'தோராவின் செய்கைகளில் சில' என்பது பொருள். தோரா என்பது மோசேயின் நியாயப்பிரமாணம். பவுலின் தொடருக்கு இவ்வளவு நெருக்கமான எபிரேயத் தொடர் அது. அந்தக் கடிதம் எதைப் பற்றிப் பேசுகிறது என்று பார்த்தால், பாத்திரத்திலிருந்து ஊற்றப்படும் நீரின் வழியே தீட்டு மேலேறுமா, சிவப்புக் கிடாரியைச் சுட்டெரிப்பவர் எப்போது தூய்மையாவார் என்பன போன்ற நுணுக்கமான நடைமுறைத் தீர்ப்புகள். பவுல் மனதில் வைத்திருந்தது இப்படிப்பட்ட தீர்ப்புகளையா, நியாயப்பிரமாணத்தைக் கைக்கொள்வது முழுவதையுமா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. எதுவானாலும், அங்கே பொருளைத் தீர்மானிப்பது 'தோராவின்' என்ற அடைமொழி. 'கைகளின்' மஅஸே பற்றிப் பேசும் சங்கீதத்துக்குள் அந்த விவாதத்தைக் கொண்டுபோய் வைப்பது சரியன்று.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். ஆம், 'மைஸே' இதே சொல்தான். ஆனால் செய்கை கதையாக மாறிய வழி சற்று நீளமானது. ரபீக்களின் எபிரேயத்தில் மஅஸே முதலில் போதனைக்கு எதிர்நிற்கும் நடைமுறையைக் குறித்தது. படிப்பு முக்கியமன்று, செய்கையே முக்கியம் என்று 'பிர்க்கே அவோத்' என்னும் மிஷ்னாப் பகுதி சிமியோன் பென் கமாலியேலின் வாக்காகச் சொல்கிறது. லோத் ஊரில் நித்சா என்பவரின் மேல்வீட்டில் மூப்பர்கள் கூடியிருந்தபோது, படிப்பு பெரிதா செய்கை பெரிதா என்ற கேள்வி எழுந்தது என்று மிஷ்னாவை விரித்துரைக்கும் நூலாகிய தல்மூத் சொல்கிறது. ரபீ தர்போன் செய்கை என்றார். ரபீ அக்கீபா படிப்பு என்றார். செய்கைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதால் படிப்பே பெரிது என்று எல்லாரும் சேர்ந்து விடை சொன்னார்கள். அந்த விடை இரண்டு பேரையும் திருப்திப்படுத்தும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

செய்கைக்கு இவ்வளவு எடை கொடுத்தவர்கள், ஒரு பெரியவர் உண்மையில் என்ன செய்தார் என்பதைச் சட்டத்துக்குச் சான்றாக எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை. மிஷ்னாவின் முதல் பத்தியே இதற்கு உதாரணம். மாலையில் ஷெமா என்ற அறிக்கையை எந்நேரம் வரை சொல்லலாம் என்று அது கேட்கிறது. முதல் சாமம் முடியும் வரை என்கிறார் ஒருவர், நள்ளிரவு வரை என்கிறார்கள் அறிஞர்கள், விடியல் கிழக்கில் எழும் வரை என்கிறார் ரபான் கமாலியேல். உடனே 'மஅஸே' என்ற ஒரு சொல்லோடு அடுத்த வாக்கியம் தொடங்குகிறது. கமாலியேலின் பிள்ளைகள் விருந்து வீட்டிலிருந்து வந்தார்கள்; நாங்கள் இன்னும் ஷெமா சொல்லவில்லை என்றார்கள்; விடியல் எழவில்லை என்றால் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறீர்கள் என்றார் தகப்பனார். நள்ளிரவு கடந்து வீடு திரும்பிய பிள்ளைகளுக்கும் காத்திருந்த தகப்பனுக்கும் நடந்த இந்தச் சிறு உரையாடலுக்கு முன்னால் நிற்கும் 'மஅஸே' என்பதை எப்படி மொழிபெயர்ப்பது? 'நடந்தது இது' என்று சொல்லலாம். 'ஒரு செய்தி' என்றும் சொல்லலாம்.

'செய்தி' என்பதே பொருத்தம் என்று நான் நினைக்கிறேன். நமக்கு இன்று அது வானொலியிலும் நாளிதழிலும் வருவது. ஆனால் "செய்தி கொன்றோர்க்கு உய்தி இல்" என்று ஆலத்தூர் கிழார் புறநானூற்றில் பாடியபோது, ஒருவர் நமக்குச் செய்த நன்மையே செய்தி. அதை மறந்தவருக்குத் தப்பும் வழியில்லை என்பது அந்த அடியின் பொருள். செய்யப்பட்டது எதுவோ அது செய்தி. பிறகு செய்யப்பட்டதைப் பற்றிச் சொல்வதும் செய்தி. மஅஸேயும் இதே படிகளில் இறங்கி வந்தது. மஅஸே என்று தொடங்கிய சட்டச் சான்றுகள் நாளடைவில் தனியாகச் சொல்லப்படும் சம்பவங்களாயின. ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழியில் அயின் ஒலி தேய்ந்து 'மைஸே' என்றாகி, கதை என்ற பொருளில் நிலைத்தது; அப்படிப்பட்ட கதைகளின் தொகுப்பு ஒன்று 'மைஸே புத்தகம்' என்ற பெயரிலேயே 1602-இல் பாசல் நகரில் அச்சாயிற்று. இன்றைய இஸ்ரேலிலும் சிறு கதைக்கு 'மஅஸியா' என்கிறார்கள். அதே வேரிலிருந்து வந்த 'தஅஸியா' என்பது அங்கே தொழில்துறைக்குப் பெயர்.